முத்துஹரிணியின் குளிர்கால வாரம்

முத்துஹரிணியைப் புதைத்த பதினாறாம் நாள், காலை பதினொன்று நாற்பதுக்கு, அவள் பனியைத் தொட்டு மகிழ்ந்ததாகப் பள்ளியிலிருந்து செய்தி வந்தது.

செய்தி வந்தது அவளுடைய அம்மா சந்தனச்செல்வியின் போனுக்கு. "அன்பான பெற்றோரே, உங்கள் முத்துஹரிணி இன்று பனியைத் தன் பிஞ்சுக் கைகளால் தொட்டு உணர்ந்தாள். அவளுடைய வியப்பைக் காண எங்களுக்குக் கொடுத்துவைத்திருந்தது." கீழே ஒரு போட்டோ. நீலத் தொட்டி ஒன்றில் வெள்ளையாக எதுவோ குவிந்து கிடந்தது. அதற்குள் நிறையக் கைகள். முகம் ஒன்றுகூட இல்லை. குழந்தைகளின் முகத்தை வெளியே காட்டக் கூடாது என்பது பள்ளியின் கொள்கை. கையைக் காட்டலாம்.

செல்வி போட்டோவை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள்.

"இந்தாங்க. இது அவ கை."

புருஷன் மாசானம் போனை வாங்கிப் பார்த்தான். பெரிதாக்கப் பெரிதாக்கக் கை கையாக இல்லாமல் கட்டம் கட்டமாகிப் போனது.

"எதை வச்சுச் சொல்லுத?"

"சுண்டு விரலைத் தூக்கி வச்சிருக்கா பாருங்க. அவ எதைத் தொட்டாலும் அப்படித்தான தூக்குவா."

தூக்கித்தான் இருந்தது. இருபது பிள்ளைகளில் சுண்டு விரலைத் தூக்குகிற பிள்ளை வேறு இருக்காதா என்று கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. அவள் பதினாறு நாளில் அன்றுதான் ஒரு முழு வாக்கியம் பேசியிருந்தாள்.

மாசானம் முத்தையாபுரத்துக்காரன். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிட்டால் தை கடைசி வரை வேலை கிடையாது. அந்த மூன்று மாதத்தில்தான் குடிக்கவும் சண்டை போடவும் கல்யாணம் பேசவும் தெருவுக்கு நேரம் கிடைக்கும். இந்த வருடம் காய்ச்சலுக்கும் நேரம் கிடைத்தது. தெருவில் தேங்கிய தண்ணீர் வடிவதற்குள் நாலு வயது முத்துஹரிணி படுத்தாள். ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பள்ளியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. அதில் "எங்கள் குட்டி ஆய்வாளருக்கு" என்று எழுதியிருந்தது.

பள்ளியின் பெயர் மேப்பிள் மிட்டன்ஸ் பன்னாட்டு மழலையர் பள்ளி. மேப்பிள் என்பது குளிர்நாட்டு மரம். மிட்டன்ஸ் என்பது குளிருக்குப் போடுகிற கையுறை. இரண்டும் தூத்துக்குடியில் கிடையாது என்பதுதான் பள்ளியின் பெருமை. தலைமையகம் எங்கோ வடக்கே இருந்தது. அங்கிருந்து பாடம் வரும், படம் வரும், பாட்டு வரும், பருவநிலையும் வரும். ஏழைப் பிள்ளைகளுக்கான இலவச இடத்துக்குக் குலுக்கல் நடந்தபோது முத்துஹரிணியின் சீட்டு விழுந்தது. அன்றைக்குத் தெருவே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது.

மறுநாளும் செய்தி வந்தது. முத்துஹரிணி பெங்குவினைப் போல நடந்தாளாம். மாசானம் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அந்த நம்பரைத் தடுத்துவைத்தான். அடுத்த நாள் வேறு நம்பரிலிருந்து வந்தது. அதையும் தடுத்தான். மூன்றாவது நம்பர் வந்தது. தலைமையகத்தில் நம்பருக்குப் பஞ்சமில்லை.

"நாளை பனிமனிதனுக்கு மூக்கு வைக்க ஒரு கேரட்டும், கண் வைக்க இரண்டு கறுப்புப் பொத்தானும் கொடுத்தனுப்பவும்" என்று ஒரு செய்தி. செல்வி கேரட் வாங்கினாள். மாசானத்தின் சட்டையிலிருந்து இரண்டு பொத்தானை அறுத்தாள். மில்லர்புரம் வரை பஸ்ஸில் போய்ப் பள்ளிக் கேட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். கேட்டில் இருந்தவனுக்குப் பொருளை வாங்கிப் பெயரைத் தட்டுவதுதான் வேலை. தட்டினான். அவள் வீடு திரும்புவதற்குள், "பொருளை நேரத்தில் கொடுத்த முத்துஹரிணிக்கு ஒரு தங்க நட்சத்திரம்" என்று செய்தி வந்துவிட்டது.

அன்றைக்கு அவள் சோறு தின்றாள். மாசானத்துக்கு அது நிம்மதியாக இருந்தது. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே, "மூணரைக்குப் போய்க் கூட்டிட்டு வரணும்லா" என்று சொன்னாள். நிம்மதி போய்விட்டது.

அதன்பின் தினமும் மூன்றரைக்கு அவள் கேட்டருகே போய் நின்றாள். எல்லாப் பிள்ளைகளும் போனபிறகு, "முதல்லயே வந்துட்டாளோ என்னமோ" என்று முனகியபடி திரும்பினாள். செய்தி நின்றால்தான் இவள் நிற்பாள் என்று மாசானத்துக்குத் தெரிந்தது. செய்தி நிற்க வேண்டுமானால் பள்ளிப் பட்டியலில் இருந்து பெயரை எடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பள்ளிக்குள் ஏசியைப் பதினாறில் வைத்திருந்தார்கள். வெளியே மார்கழி மழை விட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குளிர்கால அனுபவம் நடந்துகொண்டிருந்தது. பொறுப்பாளர் பிளாரன்ஸ் மேடம் பனித்துளி போட்ட ஸ்வெட்டரில் இருந்தார். மூக்கு சிவந்து, கையில் கைக்குட்டை வைத்திருந்தார்.

"உங்க வேதனை எங்க வேதனை மிஸ்டர் மாசானம். நாம எல்லாரும் ஒரு குடும்பம். அதனாலதான் பேரை எடுக்குதது இவ்வளவு கஷ்டமா இருக்கு."

"எடுத்துருங்க மேடம். வீட்டுல அவ ஒரு மாதிரி ஆயிட்டா. நீங்க அனுப்புததைப் படிச்சிட்டுப் பிள்ளை இங்கன வந்து போவுதுன்னு நினைக்கா. செய்தி நின்னாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பிளாரன்ஸ் மேடம் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார். கெட்ட மனுஷி இல்லை. அவனைவிட அவர் அதிகம் முயன்றுபார்த்திருந்தார்.

"நீங்களே பாருங்க. விலகும் காரணம்னு கேக்கு. ஊர் மாற்றம், பள்ளி மாற்றம், கட்டணப் பிரச்சினை, ஒவ்வாமை. நாலுதான் இருக்கு. நமக்கு வேண்டியது இதுல இல்ல."

"ஒவ்வாமைன்னு போடுங்க."

"என்ன சாப்பாட்டுலன்னு கேக்கும். வேர்க்கடலையா, பாலா, முட்டையா."

"ஊர் மாத்தம்?"

"அதைத் தொட்டா புது முகவரி கேக்கும். பின்கோடு போடாம அடுத்த பக்கம் போவாது." பிளாரன்ஸ் மேடம் திரையைப் பார்த்தபடியே யோசித்தார். "உங்களுக்கு ஏதாவது பின்கோடு தெரியுமா?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே உறைத்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். 

"ஒரே ஒரு வழிதான் இருக்கு," என்றார் பிறகு. "கோப்பை மூடுதது. குளிர்காலத்துக்கு ஆறு செயல்பாடு. எல்லாமே பிள்ளை கையால செய்யணும். படிச்சுக் கத்துக்கிடுதது இல்ல, தொட்டுக் கத்துக்கிடுதது. அதுதான் எங்க முறை. ஆறும் முடிஞ்சா கோப்பு முழுசாயிரும். முழுசான கோப்பை, அடுத்த வெள்ளிக்கிழமை மண்டலத்துல இருந்து வாரவர் கையெழுத்துப் போட்டு மூடிருவார். அவ பேருல ஆறும் பாக்கி இருக்கு."

"பனியைத் தொட்டான்னு செய்தி வந்துதே?"

"அது செய்தி. இது ஆதாரம். செய்தி எல்லாருக்கும் போவும். ஆதாரம் கையை வச்சாத்தான் ஏறும். இந்த வாரத்தோட அனுபவ வாரம் முடியுது. திங்கள்ல இருந்து ஆதார வாரம். அதையே திரும்பச் செஞ்சு படம் எடுப்போம்."

"மேடம், பிள்ளை இல்லையே."

"பெற்றோர் பங்கேற்புன்னு ஒரு வசதி இருக்கு," என்றார் பிளாரன்ஸ் மேடம். "பிள்ளைக்குப் பதிலா அப்பாவோ அம்மாவோ கையை வைக்கலாம்."

அவருக்கும் இதில் ஒரு கவலை இருந்தது. தலைமையகம் பள்ளிகளை நாலு தரமாகப் பிரித்திருந்தது. உறைபனி, பனி, தூறல், உருகல். மூன்று வருடமாகத் தூத்துக்குடி முதல் தரமான உறைபனியில் இருந்தது. ஒரு பிள்ளையின் கோப்பு அரைகுறையாகக் கிடந்தாலும் தூறலுக்கு இறங்கிவிடும். அதை அவர் ஒளிக்கவில்லை. "நமக்கு ரெண்டு பேருக்குமே இது நல்லது" என்று சொன்னார்.

மாசானம் வீட்டுக்கு வந்து செல்வியிடம் விஷயத்தை அப்படியே சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமையோடு பெயரை எடுத்துவிடுவார்கள், அதற்காக ஒரு வாரம் பள்ளிக்குப் போகவேண்டியிருக்கிறது என்றான். அவள் காதில் இரண்டாவது பாதி மட்டும் விழுந்தது.

"நல்லதாப் போச்சு. நீங்க கூட இருந்தா அழ மாட்டா."

திங்கட்கிழமை காலை சின்ன டப்பாவில் இரண்டு இட்லியும் சீனியும் வைத்துக் கொடுத்தாள்.

எல்கேஜி வகுப்பில் மாசானத்தின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். அதில் முத்துஹரிணி என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெங்குவின் படம் போட்டிருந்தது. டயானா மிஸ் அவனுக்கு மஞ்சள் நாற்காலி ஒன்றைக் காட்டினார். இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாலு படம், இருபது பிள்ளைக்கு எண்பது படம் என்று அவர் ஏற்ற வேண்டும்.

மாசானம் குனிந்து உட்காரப் போனான். பக்கத்து நாற்காலியில் இருந்த எமில்டா என்ற சிறுமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, அங்கன உட்காராதீங்க. அது ஹரிணி இடம்."

"எமில்டா, மாமா இன்னைக்கு ஹரிணிக்குப் பதிலா வந்திருக்காங்க," என்றார் டயானா மிஸ்.

"அப்ப ஹரிணி எங்க உட்காருவா?"

மாசானம் தரையில் உட்கார்ந்துகொண்டான். அந்த நாற்காலியில் வெள்ளிக்கிழமை வரை யாரும் உட்காரவில்லை. பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் நடந்தார்கள். பென்சில் உருண்டு அதற்கு அடியில் போனால், "தள்ளிக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் குனிந்து எடுத்தார்கள்.

வருகையை மெஷின் எடுத்தது. மேஜை மேல் ஒரு கறுப்பு உருண்டை இருந்தது. டயானா மிஸ் பெயரைச் சொல்வார், பிள்ளை "பிரசன்ட் மிஸ்" என்று சொல்லும், உருண்டையில் பச்சை விளக்கு எரியும். முத்துஹரிணி என்று கூப்பிட்டால் மாசானம் அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"முத்துஹரிணி."

மாசானம் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது.

"யாரு சொன்னா?" என்று கேட்டார் டயானா மிஸ்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஹரிணிதான் மிஸ்," என்றாள் எமில்டா, இதையெல்லாம் கேட்பார்களா என்கிற மாதிரி.

டயானா மிஸ் அடுத்த பெயருக்குப் போனார். எண்பது படம் பாக்கி இருந்தது.

முதல் செயல்பாடு பனியைத் தொடுதல். தலைமையகத்திலிருந்து "உணர்வுப் பனி" என்று பெட்டி பெட்டியாக வந்திருந்தது. டயானா மிஸ் பாக்கெட்டுகளைக் கிழித்து நீலத் தொட்டியில் கொட்டினார். மாசானம் கையை விட்டான். விட்ட கணமே தெரிந்துவிட்டது. எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தான்.

"மிஸ், இது உப்புல்லா."

"பனின்னு சொல்லுங்க அண்ணாச்சி. கேமரா ஓடுது."

"நம்ம ஊரு உப்பு மிஸ். பொடிச்சிருக்காங்க. மழைக்கு முன்னால கடைசியா வாரினது, லேசாக் கறுத்திருக்கும். பாருங்க."

பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் தூத்துக்குடி என்றே போட்டிருந்தது. இங்கிருந்து லாரியில் வடக்கே போய், அங்கே பனியாகி, மறுபடி லாரியில் வந்திருக்கிறது. போனதும் வந்ததும் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

தொட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒன்று அழ ஆரம்பித்தது. விரலில் சின்ன வெட்டு. உப்பு எரியத்தான் செய்யும். அதைப் பார்த்து இன்னும் மூன்று பிள்ளைகள் அழுதன. டயானா மிஸ் குறிப்பேட்டில், "குளிரின் கடுமையைக் குழந்தைகள் உணர்வுபூர்வமாக வெளிப்படுத்தினர்" என்று தட்டிவிட்டு, கையைக் கழுவிவிட ஓடினார். மாசானம் அழுத பிள்ளையின் விரலை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து ஊதினான். அவன் கையில் பதினெட்டு வருட வெடிப்பு இருந்தது. அது எரிந்து எரிந்து எரிவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. தொட்டிக்குள் இருந்த அவன் கையைப் படம் எடுத்து முத்துஹரிணியின் பெயரில் ஏற்றினார்கள்.

மாலை செல்வி டப்பாவைத் திறந்து பார்த்தாள். மாசானம் மத்தியானம் அந்த இட்லியைத் தின்றிருந்தான். வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"முழுசாச் சாப்பிட்டிருக்காளே," என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் டப்பாவை வாங்கிக் கழுவப் போனான்.

செவ்வாய்க்கிழமை பனிக்கட்டி உருகுவதைக் கவனித்தல். திரேஸ்புரத்திலிருந்து மீனுக்குப் போடுகிற ஐஸை வாங்கி வந்திருந்தார்கள். "சாளை மீன் நாத்தம் அடிக்கு மிஸ்" என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். "துருவக் கடலின் மணத்தை நுகர்ந்தனர்" என்று குறிப்பு ஏறியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிண்ணத்தில் ஒரு கட்டி. உருகும்வரை அதன் மேல் கையை வைத்திருக்க வேண்டும். பத்தொன்பது கிண்ணத்திலும் ஐஸ் தண்ணீரானது. மஞ்சள் நாற்காலிக்கு எதிரே வைத்த கிண்ணத்தில் மட்டும் கட்டி அப்படியே இருந்தது. மாசானம் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தான். குளிர் முழங்கை வரை ஏறியது. கட்டி கரையவில்லை. மூன்றரை மணிக்குத்தான் அது கரையத் தொடங்கியது. டயானா மிஸ் ஏசியைக் குற்றம் சொன்னார். ஏசிக்கு நேர் கீழே இருந்த கிண்ணம் முதலிலேயே உருகிவிட்டிருந்தது.

புதன்கிழமை பெங்குவின் நடை. முட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்பா பெங்குவின்தான் முட்டையைக் காக்கும், அம்மா கடலுக்குப் போய்விடும் என்று டயானா மிஸ் விளக்கினார். மாசானம் பிளாஸ்டிக் முட்டை ஒன்றை இரண்டு பாதத்துக்கு நடுவே வைத்து வகுப்பை மூன்று முறை சுற்றினான். வெளியே வராந்தாவில் நின்ற மற்றப் பெற்றோர் கண்ணாடி வழியாகப் படம் எடுத்தார்கள். ஒருத்தி அழுதாள். ஒருவர் கை தட்டினார். முட்டை கீழே விழவில்லை. அதே நாளில் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்வதும் முடிந்தது. அதற்கு மூக்காக ஒரு வாடிய கேரட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் செல்வியின் கையெழுத்தில் முத்துஹரிணி என்று சீட்டு ஒட்டியிருந்தது.

அன்று மாலை செல்வி, "இன்னைக்கு என்ன செஞ்சா?" என்று கேட்டாள்.

"முட்டையை வச்சு நடக்கச் சொன்னாங்க," என்றான் மாசானம்.

"கீழ போட்டுட்டாளோ?"

"இல்ல. மூணு சுத்து நடந்தா."

சொல்லி முடித்த பிறகு சொன்னதை யோசித்தான். செல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கார்த்திகைக்கு முன்னால் பார்த்தது.

வியாழக்கிழமை கையச்சு. நீல அட்டையில் வெள்ளைப் பெயிண்டால் கையைப் பதித்து, ஐந்து விரலிலும் ஐந்து பனிமனிதன் வரைய வேண்டும். மாசானம் கையைப் பெயிண்டில் முக்கி அழுத்தினான். டயானா மிஸ் அட்டையை டேப்லெட்டுக்குக் காட்டினார். சிவப்பு எழுத்து வந்தது. "கையின் அளவு வயதுக்குப் பொருந்தவில்லை. குழந்தையை மீண்டும் முயலச் சொல்லவும்."

பெற்றோர் பங்கேற்பை மெஷின் ஏற்றுக்கொண்டிருந்தது. பெற்றோருக்குப் பெரிய கை இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாவது முறை விரலை மடக்கிப் பதித்தான். பொருந்தவில்லை. மூன்றாவது முறை விரல் நுனிகளை மட்டும் பதித்தான். பொருந்தவில்லை. எமில்டாவின் கையை வைத்துவிடலாமா என்று டயானா மிஸ் மெதுவாகக் கேட்டார். "அவ கை வேற, இவ கை வேற. ஜூன்ல எடுத்த அச்சோட ஒத்துப் பாக்கும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

நாலாவது அட்டையை வைத்தபோது கரண்ட் போனது. மழைக்காலத்தில் அது தினமும் போகும். ஜன்னல்களில் பனிக்காட்சி வேண்டும் என்று வெள்ளைத் தாள் ஒட்டியிருந்ததால் வகுப்பு நன்றாகவே இருட்டியது. பிள்ளைகள் ஒரு சத்தமும் போடவில்லை. மாசானம் கையை அட்டையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். புறங்கையில் எதுவோ படிந்ததுபோல் இருந்தது. குளிர்ச்சியாக, எடையே இல்லாமல். அவன் கையை எடுக்கவில்லை.

கரண்ட் வந்தது. டயானா மிஸ் அட்டையைக் காட்டினார். பச்சை எழுத்து. "பொருந்துகிறது. முத்துஹரிணி. தொண்ணூற்றாறு சதவீதம்."

டயானா மிஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு உட்கார்ந்தார். அன்றைக்கு மீதியிருந்த படங்களை அவர் ஏற்றவே இல்லை.

மாசானம் அட்டையைத் திருப்பிப் பார்க்கக் கேட்கவில்லை. மெஷின் உப்பைப் பனி என்றது, மீன் ஐஸைத் துருவக் கடல் என்றது. அது சொல்வதை நம்பவும் முடியாது. இதை மட்டும் நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அட்டை கோப்புக்குள் போனது. இரவு முழுவதும் வலது கையை மார்பின் மேல் வைத்தபடி படுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மண்டலத்திலிருந்து ரெக்சன் சார் வந்தார். அனுபவத் தலைவர் என்பது அவருடைய பதவி. கோட்டும் மப்ளரும் போட்டிருந்தார். கடைசிச் செயல்பாடாகப் பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு அவருக்குக் கைகொடுத்தார்கள். மாசானத்தின் கைக்குப் பள்ளிக் கையுறை ஏறவில்லை. இரண்டு விரலில் மட்டும் மாட்டிக்கொண்டு கொடுத்தான். ஆறும் முடிந்தது. பிறகு ரெக்சன் சார் பேசினார்.

"நான் பதிமூணு சென்டர் பார்க்கறேன். பிள்ளைங்க வருவாங்க, போவாங்க. அதுல நமக்குக் கன்ட்ரோல் இல்ல. டேட்டா நிக்கணும். ஒரு பிள்ளை வரலைன்னா அது பிள்ளையோட தப்பு இல்ல. நாம ஈர்க்கலைன்னு அர்த்தம். இந்த சென்டரைப் பாருங்க. வர முடியாத ஒரு பிள்ளை, எந்த நிலைமைலயும் வர முடியாத ஒரு பிள்ளை, அஞ்சு நாளும் பிரசன்ட். வாய்ஸ் மேட்ச் ஆகியிருக்கு. கை மேட்ச் ஆகியிருக்கு. உயிரோட இருக்கற பிள்ளைங்க சராசரி எண்பத்தெட்டு. இவ நூறு. மத்த பிள்ளைங்களும் இவளைப் பார்த்துக் கத்துக்கணும்."

கைதட்டினார்கள். பிளாரன்ஸ் மேடம் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்சன் சார் படிவத்தை எடுத்து, மாசானத்தைப் பார்த்து, அதில் இருந்தபடியே வாசித்தார்.

"முத்துஹரிணி, பனியிலேர்ந்து நீ என்ன கத்துக்கிட்ட?"

"அது உப்பு சார்," என்றான் மாசானம்.

"சூழலுடன் தொடர்புபடுத்துகிறாள்" என்று ரெக்சன் சார் எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"இப்ப பேரை எடுத்துருங்க சார்."

"எந்தப் பேரை?"

பிளாரன்ஸ் மேடம் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னார். ரெக்சன் சார் பொறுமையாகக் கேட்டார். டேப்லெட்டைத் தட்டினார். தலையை ஆட்டினார்.

"மேடம், நீங்க தப்பாப் புரிஞ்சிருக்கீங்க. கோப்பு முழுசானா மூடாது, அடுத்த பருவத்துக்குத் திறக்கும். முடிக்காத பிள்ளையை நீக்கலாம். முடிச்ச பிள்ளையை எப்படி நீக்கறது? பாஸாகி மேல போயிடுச்சே. போன வாரமே என்னைக் கூப்பிட்டிருந்தா, அரைகுறைன்னு காட்டி ரெண்டு நிமிஷத்துல எடுத்திருப்பேன்."

"அப்ப ஃபெயிலாயிருந்தா விட்டிருப்பீங்க. அப்படித்தான?" என்றான் மாசானம்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். எங்க முறையில ஃபெயிலுங்கற வார்த்தையே கிடையாது."

மாசானத்தின் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள். "சிறந்த குளிர்கால ஆய்வாளர்" என்று தங்க எழுத்தில் இருந்தது. அதை வாங்கி வைத்திருப்பதுபோல ஒரு படம் எடுத்தார்கள். முகம் இல்லாமல், கையை மட்டும்.

வெளியே மறுபடி மழை பிடித்திருந்தது. அவன் வீட்டுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "செருப்புக்கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா. ஏதோ செய்தி வந்துதாம். பிள்ளை பாஸாயிட்டாளாம். நீ போய்க் கூட்டிட்டு வா மாசானம்," என்றாள்.

கடைத்தெருவில் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியின் செருப்புக்கடையில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். முந்தானை நனைந்திருந்தது. எதிரே நாலைந்து ஜோடி கறுப்பு ஷூ. அவளுடைய போன் அவற்றுக்கு நடுவே வெளிச்சமாகக் கிடந்தது. "வாழ்த்துகள். முத்துஹரிணி மூன்றாம் பருவத்துக்குள் நுழைகிறாள். குழந்தைகளின் கால் வளர்ந்திருக்கும். ஷூவின் அளவைச் சரிபார்த்துப் புதியது வாங்கி அனுப்பவும்."

கடைக்காரருக்கு இவர்களைத் தெரியாது.

"பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா தாயீ. கால் இல்லாம எப்படி அளவு பாக்குதது?"

செல்வி திரும்பி மாசானத்தைப் பார்த்தாள். அவன் வந்தது அவளுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

"இவங்ககிட்ட கேளுங்க அண்ணாச்சி. அஞ்சு நாளும் இவங்கதான் கூட இருந்தாங்க."

வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான். ஏளா, அவ இல்லளா, வா போவோம். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தான். அண்ணாச்சி பெட்டிமேல் கையூன்றிக் காத்திருந்தார். செல்வியும் காத்திருந்தாள். அவளுக்குப் பசி எடுத்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மாசானம் ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். பலகையின் மேல் வைத்து, கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்தான்.

"இம்புட்டு இருக்கும் அண்ணாச்சி."

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். மாசானமும் பார்த்தான். பிறகு விரலை இன்னும் கொஞ்சம் விரித்தான்.